பெயர் எழுதாத பை: பேராக்கில் இரத்ததானமும் கிறிஸ்தவ அன்பும்

1667 நவம்பரில் இலண்டன் அரச கழகத்தைச் சேர்ந்த மருத்துவர்கள் ஆர்தர் கோகா என்பவரின் உடலில் ஆட்டு இரத்தத்தை ஏற்றினார்கள். கோகா கேம்பிரிட்ஜில் இறையியல் படித்தவர். கையில் காசில்லாதவர், சித்தமும் சற்றுக் கலங்கியவர் என்று அந்நாளில் பேச்சு இருந்தது. சோதனைக்கு உடன்பட்டதற்காக அவருக்கு 20 ஷில்லிங் கொடுத்தார்கள். எதற்காக ஆட்டின் இரத்தம் என்று கேட்டதற்கு, கிறிஸ்து கடவுளின் ஆட்டுக்குட்டி என்பதால் இவ்விரு இரத்தங்களுக்கும் குறியீட்டு உறவு உண்டு என்று இலத்தீனில் பதில் சொன்னாராம். கோகா பிழைத்துக்கொண்டார். அதே ஆண்டு பாரிசில் இத்தகைய சோதனையில் இறங்கிய ழான் பாப்டிஸ்ட் டெனியின் நோயாளி ஒருவர் மறு ஆண்டே இறந்தார். பிரான்சில் தடை வந்தது. அதன்பின் ஒன்றரை நூற்றாண்டுக் காலம் மருத்துவர்கள் இதைத் தொடவே அஞ்சினார்கள்.

இரத்தமேற்றலின் தொடக்கத்திலேயே கிறிஸ்தவக் குறியீடும் கூலியும் சேர்ந்தே வந்துவிட்டதை இந்த நிகழ்ச்சி காட்டுகிறது. இன்று மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஈப்போவிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும், ஞாயிறு வழிபாடு முடிந்த கையோடு ஆலய மண்டபங்களில் இரத்ததான முகாம் நடப்பது பழகிப்போன காட்சி. இதைக் கிறிஸ்தவ அன்பின் செயல் என்று அறிவிப்பவர்களும் சொல்கிறார்கள், கொடுப்பவர்களும் நம்புகிறார்கள். அந்தக் கூற்றைப் பேராக் மாநிலத்தின் வரலாற்றோடும், குறிப்பாக ரப்பர்த் தோட்டங்களிலிருந்து வந்த தமிழர்களின் உடல்நல வரலாற்றோடும் வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை. பிற சமயத்தாரும் சமயமே இல்லாதவரும் செய்கிற ஒரு செயலில், கிறிஸ்தவம் என்று தனியே சுட்டத்தக்கது ஏதேனும் உண்டா?

பலியா, அயலானா?

இரத்ததானத்தைக் கிறிஸ்தவ நோக்கில் விளக்குபவர்கள் வழக்கமாக இரண்டு வழிகளில் ஒன்றைப் பிடிக்கிறார்கள். முதல் வழி சிலுவையிலிருந்து தொடங்குகிறது. கிறிஸ்து இரத்தம் சிந்தினார், நாமும் பிறருக்காக இரத்தம் தருகிறோம் என்பது அதன் சாரம். நண்பருக்காக உயிர் கொடுப்பதைப் பற்றிய யோவான் நற்செய்தியின் 15ஆம் அதிகாரம் இதற்கு ஆதாரமாகக் காட்டப்படும். மேடையில் எடுபடும் விளக்கம்தான். ஆனால் உண்மையோடு ஒட்டவில்லை. ஐந்து லிட்டர் அளவுள்ள இரத்தத்தில் 350 அல்லது 450 மில்லிலிட்டர் எடுக்கிறார்கள். குறைந்த நீர்ப்பகுதி ஓரிரு நாளில் ஊறிவிடுகிறது, சிவப்பணுக்கள் சில வாரங்களில் தேறிவிடுகின்றன. கொடுத்தவர் ஒரு குவளை மைலோ குடித்துவிட்டு வீட்டுக்குப் போகிறார். இதைக் கல்வாரியோடு ஒப்பிடுவது கல்வாரியைத்தான் சிறுமைப்படுத்தும். அதோடு, பெறப்போகிறவர் நண்பருமல்லர். அவர் யாரென்றே தெரியாது.

இரண்டாம் வழி லூக்காவின் 10ஆம் அதிகாரத்தில் வரும் நல்ல சமாரியன் உவமை. அடிபட்டுக் கிடந்தவன் எந்த ஊர், எந்த இனம் என்று சமாரியன் விசாரிக்கவில்லை. காயத்தைக் கட்டி, சத்திரத்தில் சேர்த்து, இரண்டு தெனாரியம் கொடுத்து, மேற்கொண்டு ஆகும் செலவைத் திரும்பி வரும்போது தருவதாகச் சொல்லிவிட்டுத் தன் வழியே போனான். மறையுரைகளில் எண்ணெயும் திராட்சை இரசமும் வருகிற அளவுக்குச் சத்திரக்காரன் வருவதில்லை. இரத்த வங்கியைப் பற்றிப் பேசும்போது அவனை விட்டுவிட முடியாது. தனிமனிதனின் இரக்கம் ஒரு நிறுவனத்தின் கையில் ஒப்படைக்கப்படுவதும், செய்தவன் நன்றியை எதிர்பாராமல் அங்கிருந்து நகர்ந்துவிடுவதும் அந்த உவமைக்குள்ளேயே இருக்கின்றன.

தன்னார்வ இரத்ததானத்தின் நவீன வரலாறும் இந்த இரண்டாம் வழிக்கே நெருக்கமானது. 1921இல் இலண்டன் கேம்பர்வெல் பகுதிச் செஞ்சிலுவைக் கிளையின் செயலாளராக இருந்த பெர்சி லேன் ஆலிவருக்கு அருகிலிருந்த கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையிலிருந்து அவசர அழைப்பு வந்தது. செஞ்சிலுவைத் தொண்டர்கள் கிளம்பிப் போனார்கள். அந்த அனுபவத்திலிருந்து ஆலிவர் ஒரு பெயர்ப்பட்டியலை உருவாக்கினார். கூப்பிட்டால் வரவேண்டும், காசு கிடையாது. பட்டியலுக்கு ஆள் சேர்ந்த இடங்களில் டாக் எச் என்ற கிறிஸ்தவத் தோழமை இயக்கமும் ஒன்று. முதல் உலகப்போரின்போது பெல்ஜியத்துப் போப்பெரிங்கே நகரில் போர்வீரர்களுக்காக பிலிப் கிளேட்டன் என்ற ஆங்கிலிக்கன் குரு 1915இல் நடத்திய விடுதியிலிருந்து கிளைத்தது அது. பதவி வேறுபாட்டை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வரவேண்டும் என்பது அந்த விடுதியின் வழக்கம். கத்தோலிக்கத் தரப்பில் திருத்தந்தையர் பன்னிரண்டாம் பயஸ் 1940களிலும் இரண்டாம் ஜான் பால் 1984இலும் இத்தாலிய இரத்தக் கொடையாளர்களைச் சந்தித்துப் பாராட்டிப் பேசினார்கள்.

எதிர்க்குரலும் உண்டு. யெகோவா சாட்சிகள் 1945 முதல் இரத்தமேற்றலை ஏற்பதில்லை. லேவியர் 17, அப்போஸ்தலர் பணி 15 ஆகிய பகுதிகளில் இரத்தத்தை விலக்கச் சொல்வதை அவர்கள் மருத்துவத்துக்கும் பொருத்திக்கொள்கிறார்கள். பெரும்பாலான திருச்சபைகள் அதை உணவும் சிலைவழிபாடும் சார்ந்த விதியாகவே வாசிக்கின்றன. ஆகவே, விவிலியத்தைத் திறந்த மாத்திரத்தில் இரத்ததானம் தானாக வந்து நின்றுவிடுவதில்லை. எந்தப் பகுதியை எதோடு சேர்த்து வாசிப்பது என்று ஒரு சமூகம் தேர்ந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

தோட்டத்து உடல்

மலாயாவின் ரப்பர் வரலாறு பேராக்கில் தொடங்குகிறது என்றால் மிகையாகாது. கியூ தாவரத் தோட்டத்தின் வழியாக வந்த கன்றுகளில் சில 1877இல் கோலகங்சாரில், பிரிட்டிஷ் ஆட்சிப் பிரதிநிதி ஹியூ லோவின் இல்லத்தருகே நடப்பட்டன. அவற்றில் ஒன்று இன்றும் அந்த ஊரில் நிற்கிறது. இருபதாம் நூற்றாண்டின் முதல் இருபது ஆண்டுகளில் சுங்கை சிப்புட்டிலிருந்து தஞ்சோங் மாலிம் வரை காடு அழிந்து தோட்டங்கள் எழுந்தன. கங்காணிகள் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து ஆள் கட்டி வந்தார்கள்.

அவர்கள் குடியிருந்த லயங்களில் இரத்தம் என்பது குறைந்துகொண்டே போன ஒன்று. கொக்கிப்புழுவின் முட்டை மலத்தோடு மண்ணில் சேரும், ஈரத்தில் பொரிக்கும். வெறுங்காலோடு பால் மரத்துக்குப் போகிறவரின் பாதத்தோலைத் துளைத்துக்கொண்டு குஞ்சுப்புழு உள்ளே நுழையும். நுரையீரல் வழியாகச் சுற்றிக் குடலை அடைந்து, அங்கே பற்றிக்கொண்டு உறிஞ்சத் தொடங்கும். ஆண்டுக்கணக்கில் இது நடந்தால் மனிதன் வெளிறிப்போவான். மேட்டில் ஏறினால் மூச்சு வாங்கும். இந்த ஆளைத்தான் சோம்பேறி என்று துரைமார் குறிப்பேட்டில் எழுதினார்கள். 1915இல் ராக்பெல்லர் நிறுவனம் அனுப்பிய சாமுவேல் டார்லிங் தலைமையிலான குழு மலாயா, ஜாவா, பிஜி ஆகிய இடங்களில் கொக்கிப்புழுவையும் மலேரியாவையும் ஆராய்ந்தது. 1920இல் வெளியான அதன் அறிக்கை, தொழிலாளரின் சோர்வுக்குப் பின்னால் இருந்த இரத்தசோகையை மருத்துவ மொழியில் பதிவு செய்தது. இரக்கத்தைக் காட்டிலும் உற்பத்திக் கணக்குதான் அந்த ஆய்வுக்கு வழிவிட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

தோட்டத்தில் மருத்துவம் என்றால் டிரெசர் எனப்பட்ட மருத்துவ உதவியாளர்தான். கொய்னாவும் பேதி மருந்தும் அவர் கையில் இருந்தன. விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு இரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் தடவி எடுப்பதும் அவர்தான். மலேரியாக் காய்ச்சலா என்று பார்க்கத்தான் அந்தக் குத்து. ஆனாலும் அன்றைக்கு வேலைக்குப் போகலாமா, பேர் போடுவார்களா, கூலி கிடைக்குமா என்ற பயமும் கூடவே ஒட்டியிருந்தது. நாட்கூலிக்குப் பால் வெட்டுகிறவருக்கு உடம்பின் தெம்புதான் முதல். இரத்தம் கொடுத்தால் உடம்பு விட்டுப்போகும் என்று முந்திய தலைமுறை சொன்னதை மூடநம்பிக்கை என்று தள்ளுவது எளிது. அவர்கள் பார்த்து வளர்ந்த உடல்களுக்கு அது சரியான மதிப்பீடாகவே இருந்தது.

இந்தத் தோட்டங்களில் கிறிஸ்தவர்கள் சிறு எண்ணிக்கையினர். பாகான் செராயில் 1880களில் பிரெஞ்சுக் குரு ரெனே ஃபே அமைத்த தமிழ்க் கத்தோலிக்கக் குடியிருப்பைப் போன்றவை அரிது. மற்ற இடங்களில் ஒரு லயத்தில் சில குடும்பங்கள், எப்போதாவது வந்துபோகும் குருவானவர் அல்லது போதகர் என்ற நிலைதான். 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மலேசிய இந்தியர்களில் கிறிஸ்தவர்கள் ஏறத்தாழ 6 விழுக்காடு. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, பால் மரம் போய்ச் செம்பனை வந்து, பிறகு செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டங்கள் வந்தபோது, இவர்களும் மற்றவர்களோடு புந்தோங், செம்மோர், சுங்கை சிப்புட் என்று இடம்பெயர்ந்தார்கள். சிலிபினில் உள்ள லூர்து அன்னை ஆலயம் போன்ற நகரத்து ஆலயங்களில் தோட்டத்துப் பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள்.

ஆலய மண்டபத்தில் இன்று கையை நீட்டிப் படுத்திருக்கிற ஐம்பது வயதுக்காரரின் பாட்டி, அநேகமாக ஹீமோகுளோபின் ஏழெட்டைத் தாண்டாமலே பிள்ளை பெற்றவராக இருந்திருப்பார். பெறவேண்டியவர்களாகவே மூன்று தலைமுறை வாழ்ந்த ஒரு சமூகம் கொடுக்கிற இடத்துக்கு வந்திருக்கிறது. செருப்பு, கழிப்பிடம், குழாய்நீர், தொழிற்சங்கம் வாங்கித் தந்த கூலி உயர்வு, அரசாங்க மருந்தகம் ஆகியவை சேர்ந்து செய்த வேலை இது. இரத்ததானத்தை முழுக்க முழுக்க மனமாற்றத்தின் கனியாகக் காட்டும் எழுத்துகள் இந்தப் பட்டியலைத் தாண்டிக் குதித்துவிடுகின்றன.

பாப்பானில் ஒரு வீடு

பேராக்கில் மருத்துவமும் கிறிஸ்தவ அன்பும் சேர்ந்த கதை என்றால் எல்லோர் நினைவுக்கும் வருகிற பெயர் சிபில் கார்த்திகேசு. 1899இல் மேடானில் பிறந்த யூரேசியத் தாதி, உறுதியான கத்தோலிக்கர். இலங்கைத் தமிழ் மரபில் வந்த மருத்துவர் ஏ. சி. கார்த்திகேசுவை மணந்து, ஈப்போ புருவ்ஸ்டர் சாலையில் கணவரோடு மருந்தகம் நடத்தினார். கந்தோனீஸ் மொழியைச் சரளமாகப் பேசுவார். 1941 டிசம்பரில் ஜப்பானியர் குண்டு போட்டபோது குடும்பம் ஈய நகரமான பாப்பானுக்குப் போயிற்று. பிரதான சாலையின் 74ஆம் எண் வீட்டில் மருந்தகம் தொடர்ந்தது. இரவில் பின்கதவு வழியாக மலாயா மக்களின் ஜப்பானிய எதிர்ப்புப் படையின் கெரில்லாக்கள் காயத்தோடு வந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் சீனர், கம்யூனிஸ்டுகள். சிபில் மருந்து கட்டினார், குண்டுகளை எடுத்தார், தடை செய்யப்பட்ட வானொலியில் பிபிசி செய்தியைக் கேட்டார். 1943இல் பிடிபட்டார். மகளை அவர் கண்முன்னே வதைப்பதாக மிரட்டியும் அவர் யாரையும் காட்டிக் கொடுக்கவில்லை. போருக்குப் பின் ஜார்ஜ் பதக்கம் பெற்றார். சித்திரவதையின் காயங்களிலிருந்து மீளாமலேயே 1948 ஜூன் 12ஆம் நாள் பிரிட்டனில் இறந்தார். மறு ஆண்டு உடல் ஈப்போவுக்குக் கொண்டுவரப்பட்டுக் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டது. அவர் இறந்த நான்காம் நாள், ஜூன் 16 அன்று, சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் கம்யூனிஸ்டுகளால் சுட்டுக் கொல்லப்பட்டு அவசரகாலம் பிறந்தது. அவர் கட்டுப்போட்ட தரப்பு ஒரே வாரத்தில் அரசின் எதிரியானது.

இந்த வாழ்வை இரத்ததானப் பிரசாரத்துக்குப் பயன்படுத்துவது கவர்ச்சியான யோசனை. பயன்படுத்தாமல் இருப்பதே நல்லது. சிபில் கொடுத்த விலை வேறு, ஞாயிற்றுக்கிழமை முகாமில் கொடுப்பது வேறு. பலி வாசிப்பின் கோளாறு மறுபடி இங்கே தலைகாட்டும். அவருடைய கதை வேறு ஒன்றுக்குச் சான்றாகிறது. இறைநம்பிக்கையை மறுக்கும் ஓர் இயக்கத்தின் ஆட்களை அவர் அயலாராக எடுத்துக்கொண்டார். வருகிறவனின் கொள்கை என்ன என்று பார்த்து ஊசி போடவில்லை. ஆனால் அவருக்கு வந்தவனின் முகம் தெரிந்தது. அந்த முகத்துக்காக ஆபத்தை ஏற்றார். இரத்த வங்கியில் ஆபத்தும் இல்லை, முகமும் இல்லை. முகமே தெரியாத ஒருவரை அயலாராக ஏற்க இன்னொரு வகைப் பயிற்சி வேண்டியிருக்கிறது.

சிலுவையிலிருந்து பிறைக்கு

மலாயாவில் முறைப்படியான இரத்தச் சேவை 1955இல், பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கத் தொண்டர்களின் முயற்சியில் கோலாலம்பூர் மருத்துவமனையில் தொடங்கியது. அந்தச் சங்கம் 1965இல் சட்டப்படி மலேசியச் செஞ்சிலுவைச் சங்கமாகி, 1975இல் செம்பிறைச் சங்கம் என்று பெயர் மாற்றிக்கொண்டது. இரத்தச் சேவையோ அரசாங்க மருத்துவமனைகளின் கைக்குப் போய்விட்டது. ஈப்போவின் ராஜா பெர்மைசூரி பைனூன் மருத்துவமனை, தைப்பிங், தெலுக் இந்தான் மருத்துவமனைகள் ஆகியவற்றின் இரத்த வங்கிகளே பேராக்கின் தேவையைத் தாங்குகின்றன. ஆலய முகாமுக்கு வருவதும் அவற்றின் குழுவே. ஆலயம் தருவது மண்டபமும் ஆட்களும் சாப்பாடும்தான்.

முகாமில் நடப்பதைக் கிட்டப்போய்ப் பார்க்கலாம். படிவம் நிரப்பி, எடை பார்த்து (45 கிலோவுக்குக் குறையக் கூடாது), முந்திய இரவு ஐந்து மணி நேரமாவது தூங்கினீர்களா, சாப்பிட்டீர்களா என்ற கேள்விகள் முடிந்ததும் விரலில் குத்து. பழைய முறையில், நீல நிறச் செப்புச் சல்பேட்டுக் கரைசலில் அந்தச் சொட்டை விடுவார்கள். கரைசலின் ஒப்படர்த்தி 1.053. ஹீமோகுளோபின் 12.5 கிராமுக்கு மேலிருந்தால் சொட்டு உருண்டு மூழ்கும், குறைந்தால் தயங்கி மிதக்கும். மூழ்கினால் படுக்கை, மிதந்தால் வீடு. படுக்கைக்குப் போனவரின் இரத்தம் ஒட்டுப்பட்டை எண்ணோடு ஒரு பையில் இறங்குகிறது. சிவப்பணுக்கள், அவற்றோடு சேர்க்கும் கரைசலைப் பொறுத்து, 35 அல்லது 42 நாள் தாங்கும். தட்டணுக்களுக்கு ஐந்தே நாள். ஞாயிறு எடுத்தது வெள்ளிக்குள் யாருக்காவது போய்ச் சேராவிட்டால் வீண்.

நோயாளிக்குப் போகும் பையில் இரத்த வகை இருக்கும், எண் இருக்கும், காலாவதி நாள் இருக்கும். கொடுத்தவர் பெயர் இருக்காது, சமயம் இருக்காது. பிறப்புச் சான்றிதழிலிருந்து பள்ளிப் படிவம் வரை இனமும் மதமும் கேட்கப்படும் நாட்டில் இது சின்ன விஷயமில்லை. மலேசியாவில் வாழ்நாள் முழுக்க இரத்தம் ஏற்றிக்கொள்ள வேண்டிய தலசீமியா நோயாளிகளில் பெரும்பாலோர் மலாய்க்காரர். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் அடிபட்டு வருகிறவரோ, பிரசவத்தில் இரத்தம் கொட்டுகிற தாயோ யாராகவும் இருக்கலாம். கூட்டரசு அரசமைப்பின் 11(4) பிரிவு, முஸ்லிம்களிடையே பிற சமயங்களைப் பரப்புவதைச் சட்டத்தால் கட்டுப்படுத்த மாநிலங்களுக்கு அதிகாரம் தருகிறது. இதனால் ஆலயங்கள் அக்கம்பக்கத்தாருக்குச் செய்யும் எந்த உதவியும் சந்தேகத்தோடு பார்க்கப்படக்கூடும். இரத்தப் பையின் மீது அந்தச் சந்தேகம் விழ வழியே இல்லை. செய்தி சொல்லாமல், பெயர் சொல்லாமல், நன்றி வாங்காமல் கொடுக்க வேண்டிய கட்டாயத்தை அந்தப் பை உண்டாக்குகிறது. வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரியக்கூடாது என்று மலைப்பொழிவு கேட்பதை, மருத்துவமனையின் எண்முறை தன் வசதிக்காகவே நிறைவேற்றி வைத்திருக்கிறது.

அந்தப் பெயரின்மைக்கு நடுவிலும் தமிழர்களுக்கென்று ஒரு தனிக்கணக்கு உண்டு. ஆர்எச் எதிர்மறை இரத்தம் மலாய்க்காரர், சீனரிடையே நூற்றில் ஒருவருக்கும் குறைவு. இந்திய வம்சாவளியினரிடையே நூற்றுக்கு ஐந்து பேரளவில் இருக்கிறது. பேராக் மக்களில் இந்தியர் பத்தில் ஒருவருக்குச் சற்று மேல். இவ்விரு கணக்கையும் பெருக்கிப் பார்த்தால், மாநிலத்தின் ஆர்எச் எதிர்மறைக்காரர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் இந்தியராக இருக்கக்கூடும். அவசர நேரத்தில் மருத்துவமனை தேடுகிற தொலைபேசி எண், புந்தோங்கிலோ செம்மோரிலோ குடியிருக்கும் ஒருவருடையதாக இருக்க நிறைய வாய்ப்புண்டு. பழைய தோட்டச் சமூகத்தின் பிள்ளைகளுக்கு இந்த நாடு தேவைப்படுகிறது என்று எழுதுகிறவர்கள் பலர். நாட்டுக்கு அவர்கள் தேவைப்படுகிற இடமும் இருக்கிறது.

கைம்மாறு என்னும் சிக்கல்

ரிச்சர்ட் டிட்மஸ் 1970இல் எழுதிய நூல், பிரிட்டனின் இலவச இரத்ததானத்தையும் அமெரிக்காவில் அப்போது பரவியிருந்த விலை கொடுத்து வாங்கும் முறையையும் ஒப்பிட்டது. காசுக்கு விற்கிறவன் தன் நோயை மறைக்கக் காரணம் இருக்கிறது, சும்மா கொடுக்கிறவனுக்கு அந்தக் காரணம் இல்லை, ஆகவே அன்பளிப்பே பாதுகாப்பானது என்பது அவர் வாதம். சந்தையைச் சேர்ப்பதால் கொடை எப்படிக் கெடும் என்று பொருளியலாளர் கென்னத் ஆரோ மறுத்து எழுதினார். பின்னாளில் இந்தியா பட்ட பாடு டிட்மஸ் பக்கமே நின்றது. தொழில்முறையாக இரத்தம் விற்பதை இந்திய உச்ச நீதிமன்றம் 1996 தீர்ப்பில் விலக்கச் சொன்னது, 1998 ஜனவரி முதல் தடை நடைமுறைக்கு வந்தது. அங்கே நோயாளியின் உறவினரையே மாற்று இரத்தம் கொடுக்கச் சொல்லும் வழக்கம் இன்றும் பல இடங்களில் தொடர்கிறது. இலங்கையோ 2014இல் முழுக்கத் தன்னார்வக் கொடை என்ற நிலையை எட்டி, உலக இரத்தக் கொடையாளர் நாளை அவ்வாண்டு கொழும்பில் நடத்தியது.

மலேசியாவில் காசு கிடையாது, சலுகை உண்டு. கொடுத்த தடவைகளைப் பொறுத்து, குறிப்பிட்ட காலத்துக்கு அரசாங்க மருத்துவமனையில் கட்டண விலக்கும் மேல்வகுப்பு வார்டும் கிடைக்கும். இது கைம்மாறுதானே, இதில் அன்பு எங்கே என்று கறாரான இறையியலாளர் கேட்கலாம். அரசாங்க மருத்துவமனையில் குடிமகன் வெளிநோயாளியாகப் போனால் கட்டணம் ஒரு வெள்ளி (ரிங்கிட்), நிபுணரைப் பார்த்தால் ஐந்து வெள்ளி. ஒரு வெள்ளியை மிச்சப்படுத்த எவரும் ஊசி குத்திக்கொள்ள மாட்டார். வார்டுச் சலுகை கொஞ்சம் கனமானது. ஆனால் அதைப் பயன்படுத்த நோயில் விழவேண்டும். புத்தகத்தில் முத்திரை விழுவதையும் எத்தனையாவது தடவை என்று எண்ணுவதையும் விரும்புகிற கொடையாளர்கள் நிறைய. அந்த ஆசை தூய அன்பின் இலக்கணத்துக்குள் அடங்காது. அவர்களைத் திரும்பத் திரும்ப வரவைப்பது அதுதான் என்றால், இரத்த வங்கிக்கு அதில் குறையில்லை.

சமய உரிமை கொண்டாடுவது இதைவிடக் கடினம். பௌத்த சூ சி அறநிறுவனம், சத்ய சாயி அமைப்புகள், குருத்துவாராக்கள், பள்ளிவாசல்கள், இந்துக் கோயில்கள், கல்லூரி மாணவர் மன்றங்கள் எல்லாமே மலேசியாவில் முகாம் நடத்துகின்றன. இந்தியர்களில் 6 விழுக்காடாக இருக்கிற ஒரு கூட்டத்தின் பங்கு அளவில் பெரிதாக இருக்க முடியாது. எனவே, இரத்ததானம் கிறிஸ்தவத்துக்கே உரிய செயல் என்ற கூற்று நிற்காது. கிறிஸ்தவருக்கு இதைச் செய்ய அவருடைய நூலிலேயே தெளிவான காரணம் இருக்கிறது என்ற அடக்கமான கூற்று நிற்கும்.

கொடுக்காமல் திரும்புகிறவர்

1981 மே 13 அன்று சுடப்பட்ட இரண்டாம் ஜான் பாலுக்கு ரோமில் நிறைய இரத்தம் ஏற்றினார்கள். உயிர் பிழைத்தார். சில வாரங்களில் காய்ச்சலோடு மறுபடி மருத்துவமனைக்கு வந்தார். சைட்டோமெகலோ வைரஸ் தொற்று, ஏற்றிய இரத்தத்தின் வழியே வந்ததாகக் கருதப்பட்டது. நல்ல எண்ணத்தோடு தந்த இரத்தமும் நோயைச் சுமந்து போகும். எச்ஐவி, மஞ்சள் காமாலை பி, சி, சிபிலிஸ் ஆகியவற்றுக்கு மலேசியாவில் ஒவ்வொரு பையும் சோதிக்கப்படுகிறது. ஆனால் தொற்று புதிதாக இருக்கும் நாட்களில் எந்தச் சோதனைக்கும் அது அகப்படாத ஓர் இடைவெளி உண்டு. அந்த இடைவெளியை அடைப்பது படிவத்தில் கொடையாளர் எழுதும் உண்மையான பதில் ஒன்றே.

ஆலய முகாமின் பலவீனம் இங்கேதான். வழிபாடு முடிந்து குருவானவர் கேட்டுக்கொள்கிறார், சபையே எழுந்து மண்டபத்துக்குப் போகிறது. மாமனார் முன்னால் நிற்கிறார், பாடகர் குழு பின்னால் நிற்கிறது. பாலுறவு பற்றியும் போதைப்பொருள் பற்றியும் கேட்கும் கேள்விகளுக்கு, ஒரு பிளாஸ்டிக் மேசையில், தெரிந்தவர்கள் காதில் விழும் தூரத்தில் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. வரிசையிலிருந்து விலகினால் ஏன் என்று கேட்பார்கள். இந்த நிலையில் ‘இல்லை’ என்று குறியிட்டுவிடுவது எளிது. டிட்மஸ் காசைத்தான் பொய்க்குக் காரணமாகக் கண்டார். சபை மானமும் அதே வேலையைச் செய்யும். பேராக்கில் முகாம் நடத்தும் ஆலயங்கள் நேர்காணலுக்குத் தனியறை ஒதுக்குவதும், வழிபாட்டு மேடையிலிருந்து வற்புறுத்தாமல் இருப்பதும், எத்தனை பைகள் என்ற எண்ணிக்கையை அடுத்த ஞாயிறு பெருமையாக வாசிப்பதை விட்டுவிடுவதும் சிறிய மாற்றங்கள்தான். யாரென்று தெரியாத நோயாளியைக் காப்பதில் அந்தத் தனியறைக்கும் மறையுரைக்கு நிகரான பங்கு உண்டு.

இன்னொரு வகையாகத் திரும்புகிறவர்கள் பெண்கள். 2019 தேசிய உடல்நல ஆய்வு மலேசியாவில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருப்பதாகக் கண்டது. நீரிழிவு இந்தியர்களிடையே மற்ற இனங்களைவிட மிகுதி என்பதும் அதே ஆய்வின் முடிவு. இன்சுலின் போடுகிறவர்களைப் பொதுவாகக் கொடையாளராக ஏற்பதில்லை. கொக்கிப்புழு போய்விட்டது, சொட்டு இன்னும் மிதக்கிறது. மிதந்தவுடன் ‘உங்களிடம் எடுக்க முடியாது அக்கா, அடுத்த முறை வாங்க’ என்று சொல்லி அனுப்பிவிடுவதோடு முகாமின் பொறுப்பு முடிந்துவிடுகிறது. அடுத்த முறையும் மிதக்கும். அந்த அக்காவுக்கு இரும்புச்சத்துக் குறைவா, மாதவிலக்குக் கோளாறா, தலசீமியாக் கூறா என்று பார்க்க வேண்டியது கிளினிக்கின் வேலை. அவரைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போக ஆள் ஒருவரை முகாமிலேயே நியமிப்பது ஆலயத்தால் முடிந்த வேலை. அன்பின் விழா என்று பெயரிட்ட ஒரு நாளில், கொடுக்க முடிந்தவரை உபசரித்து, கொடுக்க முடியாதவரை வெறுங்கையோடு அனுப்புவது பொருந்தவில்லை.

யாருடைய நாட்காட்டி?

ரமலான் மாதத்தில் மலேசிய இரத்த வங்கிகளின் கையிருப்பு குறைவது ஆண்டுதோறும் நடப்பது. நோன்பாளிகள் பகலில் கொடுப்பதைத் தவிர்க்கிறார்கள். வங்கிகள் நோன்பு திறந்தபின் இரவு முகாம்கள் நடத்துகின்றன, முஸ்லிமல்லாதவர்களை வரும்படி வேண்டுகின்றன. கிறிஸ்துமஸ் காலத்திலும் சீனப் புத்தாண்டிலும் இதேபோல் மற்றவர்கள் தாங்குகிறார்கள். எவரும் கூடி ஒப்பந்தம் போடாமலே நடந்துவரும் ஏற்பாடு இது.

ஆலயங்களில் முகாமுக்கு விருப்பமான பருவம் தவக்காலம். அண்மை ஆண்டுகளில் தவக்காலமும் ரமலானும் தற்செயலாகப் பொருந்தி வந்தன. 2025இல் ரமலான் மார்ச் 2 அன்று தொடங்கியது, தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் மார்ச் 5. 2026இல் சாம்பல் புதன் பிப்ரவரி 18, மலேசியாவில் ரமலான் மறுநாள் தொடங்கியது. 2027இலும் இரண்டும் பிப்ரவரி இரண்டாம் வாரத்தை ஒட்டியே வருகின்றன. கிறிஸ்தவர் தம் வழக்கப்படி தவக்காலத்தில் கொடுத்தது, முஸ்லிம்கள் நோன்பிருக்கும் வாரங்களின் பற்றாக்குறைக்கு நேராகப் போய்ச் சேர்ந்தது.

2028இல் இது பிரிகிறது. சாம்பல் புதன் மார்ச் 1ஆம் நாள்தான். ரமலானோ ஜனவரி கடைசி வாரத்திலேயே தொடங்கிவிடும். அதே வாரத்தில், ஜனவரி 26 அன்று, சீனப் புத்தாண்டு. ஈப்போவில் சீனர்கள் குடும்பத்தோடு விருந்திலும், மலாய்க்காரர்கள் நோன்பிலும் இருக்கும் நாட்கள் அவை. நெடுஞ்சாலையில் ஊர் திரும்பும் வண்டிகளுக்கும் குறைவிருக்காது. தட்டணுக்களின் ஆயுள் ஐந்து நாள் என்பதால் டிசம்பரில் கொடுத்து வைத்ததும் உதவாது, மார்ச்சில் கொடுக்கப்போவதும் உதவாது. சிலிபினிலும் மற்ற இடங்களிலும் முகாம் பொறுப்பாளர்கள் அந்த ஆண்டுக்கான தேதியை இரத்த வங்கியோடு பேசி, தவக்காலத்தை விட்டு ஜனவரி 23க்கும் 30க்கும் போட வேண்டியிருக்கும். ஜனவரி 23 ஒரு ஞாயிறு.